பாடுறவன் குரல் எங்கய்யா?

கச்சேரி நன்றாக இருந்தால் பாட்டுக்காரனுக்குக் கைதட்டல், நன்றாக இல்லாவிட்டால் சவுண்ட் மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் திட்டு. இதுதான் எங்கள் தொழிலின் சட்டதிட்டம். புதுச்சேரியில் பதினைந்து வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். கல்யாணமோ, மாதா கோயில் திருவிழாவோ, ராக் பாட்டோ, எதுவானாலும் கூட்டத்தில் ஒருவர் எழுந்திருப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என்னிடம் வருவார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பாடுறவன் குரல் எங்கய்யா?"

மிக்சர் முன்னால் குனிந்து குனிந்து முதுகு வளைந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்நேரம் உங்களுக்குக் காது சூடாகியிருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை. அடுத்த முறை எழுந்து வருவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பீர்கள்.

கறுப்புக் கண்ணாடிக்காரர்கள்

எழுபதுகளின் கடைசி. கருவடிக்குப்பத்தில் முசே லூர்து என்று ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மற்ற சொல்தாக்கள் அங்கிருந்து பீங்கான் தட்டும் சுவர்க் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு நாலு டிராக் டேப் ரிக்கார்டரும் மிக்சரும் கொண்டுவந்தார். வீட்டுப் பின்னறையில் வைத்து, சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணியடித்து, ரிக்கார்டிங் அறை என்று சொல்லிக்கொண்டார். உழவர்கரையில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த என்னை மெஷினுக்கு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். டிரம்ஸ், கிடார், குரல் என்று தனித்தனியாகப் பிடித்துவைத்து, எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று பிறகு நிதானமாகக் கலப்பதுதான் என் வேலை. சமையல் மாதிரிதான். உப்பு கூடினால் திருப்பி எடுக்க முடியாது என்கிற கஷ்டம் மட்டும் இதில் இல்லை என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தேன்.

அங்கே வந்தவர்களில் என் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் 'லெ லுனெத்' குழுவினர். கண்ணாடிகள் என்று அர்த்தமாம். நாலு பேரும் வீட்டுக்குள்ளேயே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வாசிப்பார்கள். கிடார் வாசித்த பியேர் கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தமிழ்க் குடும்பம். பாஸ் கிடாரும் டிரம்ஸும் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள், அதனால் இந்தக் கதையிலும் அதிகம் வர மாட்டார்கள். பாடியவன் தேவராசு, எங்கள் உழவர்கரைக்காரன். ஊரில் இருந்த துணி ஆலை ஒன்றில் தறி ஓட்டினான். ராக் இசைக்குத் தமிழில் அவனே பாட்டெழுதினான். அந்தக் காலத்தில் அது மூளை பிசகியவர்கள் செய்கிற காரியம்.

வருஷா வருஷம் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தின நடன விழாவுக்கு மெட்ராஸிலிருந்துதான் குழு வரும். அந்த வருஷம் விழாக் கமிட்டி, உள்ளூர்க் குழுக்களும் காசெட் கொடுக்கலாம், நன்றாக இருந்தால் மேடை தருவோம் என்று சொல்லியிருந்தது. மூன்று மாதம் இருந்தது. பியேருக்கு அது ஒரு மேடை. தேவராசுக்கு ஏன் அவ்வளவு துடிப்பு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னான்:

"எரநூறு தறி ஓடுற செட்டுல ஏழு வருசமா நிக்கிறேண்ணா. நான் பேசுனது பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூட கேட்டதில்ல. ஊரு ஒரே ஒரு தடவ கேக்கட்டும்ணா."

கோலமாவுக் கோடு மூன்று

'மூணாம் ஷிப்ட்டு' என்று ஒரு பாட்டு. அதை எடுத்ததும் பிரச்சினை தெரிந்துவிட்டது. முதல் இரண்டு அடியை தேவராசு காதோடு சொல்வதுபோலப் பாடுவான். மூன்றாவது அடியில் கூரை பிய்த்துக்கொள்ளும். மெதுவான அடிக்கு மிக்சரில் குரலை ஏற்றி வைத்தால், கத்தும்போது சத்த அளவு காட்டும் ஊசி சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கத்தும் அடிக்கு இறக்கி வைத்தால் முதல் இரண்டு அடியும் கிடாருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாட்டு முழுக்க விரலை ஃபேடர் என்கிற தள்ளுகுமிழ் மேல் வைத்து, ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, எனக்குக் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

ஒரு நாள் யோசனை வந்தது. குரலை நான் ஏன் இறக்க வேண்டும், ஆளையே நகர்த்தினால் என்ன? முசேயின் மனைவி மதாமிடம் கோலமாவு வாங்கி, மைக்குக்கு முன்னால் தரையில் மூன்று கோடு போட்டேன். மெதுவான அடிக்கு முதல் கோடு, நடுத்தரத்துக்கு இரண்டாவது, கத்தலுக்கு மூன்றாவது. தேவராசு நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். பாட்டு சூடு பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டான். மூடாவிட்டாலும் கறுப்புக் கண்ணாடியில் கோடு தெரிந்திருக்காது. இரண்டாவது எடுப்பிலேயே கோடு மூன்றும் அவன் காலில் ஒட்டிக்கொண்டு அறை முழுக்க நடந்தன.

மதாம் காப்பியோடு வந்தார். பின்பக்கம் கதவுவரை வெள்ளைப் பாதச்சுவடு. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஏம்ப்பா, கோகுலாஷ்டமிக்கு இன்னும் மாசம் இருக்குதே."

பிரான்சிலிருந்து வந்த வாசப்படி

இந்தக் கஷ்டத்தைப் பார்த்து முசே பிரான்சில் இருந்த தன் மைத்துனருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாதம் கழித்து மைத்துனர் லீவில் வந்தபோது பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவில், எகிறும் சத்தத்தை அடக்கும் ஒரு கம்ப்ரஸர் வந்தது. செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு, முகத்தில் நாலு திருகு. எல்லா எழுத்தும் பிரெஞ்சு. நான் அதுவரை அப்படி ஒன்றைத் தொட்டதில்லை. முசே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு திருகாகப் படித்தார்.

"இது செய். செய்னா வாசப்படி."

"மெஷின்ல எதுக்கு முசே வாசப்படி?"

"எவ்ளோ ஒசரத்துல வெக்கணும்னு நீ சொல்றே. குரலு அதுக்குக் கீழ இருந்தா அது கண்டுக்காது. தாண்டி எகிறிச்சின்னா தலையில ஒரு தட்டு தட்டி கொஞ்சம் குனிய வெக்கும். எவ்ளோ குனியணும்னு அடுத்த திருகு. எவ்ளோ சீக்கிரம் தட்டணும்னு அதுக்கு அடுத்தது."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. என் புத்தி எங்கே போயிற்று என்றால், எல்லாத் திருகையும் கடைசிவரை முறுக்கிவிட்டேன். ஊசி நின்ற இடத்தில் நின்றது. சிவப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகா, ஜெயித்துவிட்டோம் என்று இருந்தேன். கேட்டுப் பார்த்தால், தேவராசு பாட்டுக்கு முன்னால் மூச்சு இழுப்பது பாட்டைவிடப் பெரிதாகக் கேட்டது. ஆலைப் பஞ்சு படிந்த நெஞ்சு, ஒவ்வொரு இழுப்பிலும் மெல்லிய விசில். காதோடு சொல்லும் அடியும் கூரை பிய்க்கும் அடியும் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. ஒரு வாரம் கழித்துத்தான் பாதி முறுக்கு போதும் என்று எனக்குப் பிடிபட்டது. குனியலாம், தவழக் கூடாது. கடைசிவரை முறுக்கிய அந்த முதல் நாள் தேவராசு பொறுமையாக முழுசும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"கோவமும் கொஞ்சலும் ஒண்ணாவே இருக்குதேண்ணா. நான் இன்னா பாட்டு பாடுறனா, ரேசன் கடையில பேரு படிக்கிறனா?"

சத்தத்தில் இடம் பிடிப்பது

கம்ப்ரஸர் குரலை ஒழுங்குபடுத்தியது. ஆனால் குரல் இன்னும் கிடாருக்குப் பின்னால்தான் நின்றது. ஏற்றினால் கிடார் காணாமல் போகும், பியேர் குதிப்பார். இறக்கினால் பழைய கதைதான். ஒரு நாள் தேவராசைப் பார்க்க ஆலைப் பக்கம் போயிருந்தேன். சங்கு ஊதி ஷிப்ட்டு விட்ட நேரம். லாரி ஹாரன், சைக்கிள் மணி, டீக்கடை ரேடியோ என்று தெருவே அலறிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவனிடம் தேவராசு ஏதோ சொன்னான். வாய் மட்டும் பெரிதாக அசைந்தது. சத்தமே இல்லை. அவன் அங்கிருந்து அதே மாதிரி பதில் சொன்னான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா நடந்திச்சு?" என்றேன்.

"அவன் மாமியா வூட்டு சமாச்சாரம்ணா. தறிக்காரங்க எல்லாருக்கும் வாய் படிக்க வரும். செட்டுல வேற எப்பிடி பேசறது? ஆனா மேஸ்திரி மட்டும் குரல் குடுப்பாரு. கத்த மாட்டாரு. மூக்கால மெல்லிசா ஒரு கூப்புடு. எரநூறு தறி சத்தத்துல அது ஒண்ணு மட்டும் தனியா வரும். சத்தத்தோட மல்லுக்கட்டக் கூடாதுண்ணா. சத்தம் இல்லாத எடமா பாத்து அதுல நுழையணும்."

சைக்கிளை எப்படித் திருப்பினேன் என்று தெரியாது. அறைக்கு ஓடினேன். எங்களிடம் ஒரு ஈக்வலைசர் இருந்தது. அடித்தொண்டைச் சத்தத்திலிருந்து சிள்வண்டுச் சத்தம்வரை பத்துக் குமிழ், ஒவ்வொன்றையும் மேலே தள்ளலாம், கீழே இழுக்கலாம். அதுவரை நான் குரலுக்குத்தான் எல்லாக் குமிழையும் மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முதல்முறையாகக் குரலைத் தொடவில்லை. கிடாரில் கை வைத்தேன். குரலின் சொற்கள் எங்கே தெளிகின்றனவோ, மேஸ்திரி எங்கே மூக்கால் கூப்பிடுவாரோ, அந்த இடத்துக் குமிழைக் கிடாரில் மட்டும் கீழே இழுத்தேன். கிடார் அப்படியே இருந்தது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. அந்தக் காலி இடத்தில் தேவராசு வந்து நின்றான். குரலை ஒரு மயிரிழைகூட ஏற்றவில்லை.  பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? பியேர் தன் கிடாரைத் தனியாகப் போட்டுக் கேட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்:

"மோ தியூ! கணேசு, என் கிடாருக்கு முன்பல்ல புடுங்கிட்டியேப்பா!"

இன்னும் கொஞ்சம் கூரு

பியேரையும் சமாதானப்படுத்தியாயிற்று. காசெட் கொடுக்க மூன்று வாரம் இருந்தது. அப்போதுதான் தேவராசு ஆரம்பித்தான். "நல்லா இருக்குதுண்ணா. ஆனா வார்த்தை மழுங்கலா இருக்குது. இன்னும் கொஞ்சம் கூரு வெய்யி." கூரு என்றால் டிரெபிள், கீச்சென்ற மேல் சத்தம். கொஞ்சம் ஏற்றினேன். அடுத்த நாள், "இன்னும் கொஞ்சம்." ஏற்றினேன். பாடுகிறவன் கேட்கிறான், அவன் குரல், அவன் ஆசை, நான் யார் தடுக்க? பத்தாவது நாள் குமிழ் உச்சியில் இருந்தது. 'ஸ' வரும் இடமெல்லாம் கடுகு வெடித்தது. வாசலில் படுத்திருக்கும் முசே வீட்டு நாய் பாட்டைப் போட்டதும் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மதாம் காப்பியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். எனக்கே பல் கூசியது. தேவராசு மட்டும், "இப்பதாண்ணா வழிக்கு வருது" என்றான்.

இவனுக்கு மட்டும் ஏன் அப்படி என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. ஸ்பீக்கர் மாற்றிப் பார்த்தேன், அவன் உட்காரும் நாற்காலியை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. விடை நான் தேடாத இடத்தில் கிடைத்தது. ஒரு மத்தியானம் காலி டேப்பை ஓடவிட்டு இரைச்சல் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் என்றால் இரைச்சல் இருக்கும், எல்லாக் காலி டேப்பிலும் 'ஸ்ஸ்ஸ்' என்று எண்ணெய் காய்கிற சத்தம் வரும். இந்த டேப்பில் அதிகமாக வந்தது. தேவராசு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எரைச்சலப் பாத்தியா? சகிக்கல" என்றேன்.

"எந்த எரைச்சல்?"

விளையாடுகிறான் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். அவன் முகத்தில் ஒன்றுமில்லை. முழுக்க ஏற்றினேன். அறையே சீறியது. மதாம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தேவராசு ஸ்பீக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நிதானமாகக் கேட்டான்:

"மெசின் நின்னு போச்சாண்ணா?"

இரண்டு காசெட்

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஆமாம், நின்னுடுச்சு" என்று சொல்லி டேப்பை நிறுத்தினேன். ஏழு வருஷத் தறிச் சத்தம் அவன் காதில் கீச்சுச் சத்தம் கேட்கும் பங்கை அரித்துத் தின்றிருந்தது. தின்றது போக மிச்சத்தில்தான் அவன் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டுக்காரனிடம் போய் உன் காது பழுது என்று எந்த வாயால் சொல்வது?

கோழைகள் செய்கிற காரியத்தைச் செய்தேன். இரண்டு காசெட் போட்டேன். ஒன்று ஊர் கேட்பதற்கு, கூர் அளவாக வைத்தது. இன்னொன்று தேவராசு கேட்பதற்கு, குமிழ் உச்சியில். அவனுடையதை அவனிடம் கொடுத்துவிட்டு, ஊருடையதை ஓசைப்படாமல் கமிட்டிக்குக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். சனிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை அவன் முன்கூட்டியே வந்து, மேஜைமேல் இருந்த ஊர்க் காசெட்டைப் போட்டுக் கேட்டுவிட்டான். அவன் காதுக்கு அது கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்திருக்கும். நான் உள்ளே நுழைந்தபோது எழுந்து நின்றான்.

"எங் கொரல கொறைக்கச் சொல்லி பியேரு சொன்னாரா?" என்று கேட்டான். நான் இல்லை என்றேன். டேப் ஹெட்டில் அழுக்கு, மெஷின் கோளாறு என்று என்னவோ உளறினேன். அவன் நம்பவில்லை. மற்ற காசெட்டை எடுத்துச் சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டான். அதைத் தானே கமிட்டிக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னான். கடுகு வெடிக்கிற அந்தக் காசெட்டைப் போட்டால் கமிட்டி அரை நிமிஷத்தில் நிறுத்திவிடும். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கதவருகில் நின்று சொல்லிவிட்டுப் போனான்:

"கிடாரு கிடாராவே இருக்குது. தறிக்காரன் கொரலு மட்டும் ரெண்டு படி கீழதான் நிக்கணும், இல்லீங்களாண்ணா?"

ஆலை வாசலில் ஒரு ரகசியம்

அவன் சொன்ன அந்த 'இல்லீங்களா' இரவெல்லாம் குத்தியது. என்னிடம் அவன் மரியாதை போட்டுப் பேசியதே இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷிப்ட்டு விடும் நேரத்துக்கு ஆலை வாசலில் போய் நின்றேன். சங்கு ஊதியது. முந்நூறு பேர் சைக்கிளோடு வெளியே வந்தார்கள். தேவராசு நடுவில் வந்தான், ஹேண்டில்பாரில் சோற்றுப் பை, பைக்குள் காசெட். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி சைக்கிளைத் தள்ளினான்.

அந்தக் கூட்டத்தில் கத்திச் சொல்கிற விஷயமா அது? நாலு பேருக்குத் தெரிந்தால் அவன் மானம் என்ன ஆவது? எனக்கு அப்போது ஒரு புத்திசாலித்தனம் உதித்தது. அவர்கள் வழியிலேயே சொல்லிவிடுவோம், சத்தமில்லாமல், ரகசியமாக. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினேன். அவன் திரும்பியதும் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, ஓசையே இல்லாமல் சொன்னேன்: பியேர் இல்லை. உன் காது. உன் காது போய்க்கொண்டிருக்கிறது. தறிச் சத்தம் தின்றுவிட்டது.

தேவராசு நின்றான். அவனோடு அவன் பக்கத்தில் வந்தவனும் நின்றான். பின்னால் வந்தவனும் நின்றான். வாசலில் இருந்த சைக்கிள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. முந்நூறு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தறிக்காரர்கள் நடுவில் ஓசையில்லாமல் பேசுவதுதான் ஊரைக் கூட்டிச் சொல்வது. வாய்விட்டுக் கத்தியிருந்தால்கூட இத்தனை பேருக்குக் கேட்டிருக்காது.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. நரைமீசைக்காரர் ஒருவர் என்னை நேராகப் பார்த்து, தன் காதைத் தொட்டு, வாயை மட்டும் அசைத்தார். எனக்கு வாய் படிக்க வராது. ஆனால் அது புரிந்தது. 'எனக்கும்தான்.' அவருக்கு அடுத்தவர் காதைத் தொட்டார். அதற்கடுத்தவர். வாசல் முழுக்க ஒவ்வொரு கையாகக் காதுக்குப் போனது. வீட்டில் பெண்டாட்டியிடம்கூட அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

தேவராசு ரோட்டைத் தாண்டி வந்தான். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். பிறகு சோற்றுப் பையைத் திறந்து காசெட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தான். "உனுக்கு எப்பிடி கேக்குதோ அத்தயே குடுணா. எனுக்கு நீதான் காது" என்றான். அதோடு விட்டிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். நல்லவேளை, அவன் விடவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"பதினஞ்சு நாளா எனுக்கு மைக்கு வெச்சும் ஒண்ணும் வௌங்கல. நீ மைக்கே இல்லாம ஆலை பூரா சொல்லிட்டியேண்ணா!"

ஜூலை பதினாலு

கமிட்டி மேடை கொடுத்தது. மெட்ராஸ் குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம், சாயங்காலம் ஆறரைக்கு. கடற்கரைப் பக்கத்தில் திறந்தவெளி மேடை. உள்ளே அழைப்பிதழ் உள்ளவர்கள், கோட்டும் கவுனுமாக நாற்காலியில். அழைப்பிதழ் இல்லாதவர்கள் கம்பிவேலிக்கு வெளியே. அங்கே ஆலைக்காரர்கள் சைக்கிளோடு வரிசை கட்டி நின்றார்கள். நரைமீசைக்காரர் முன்வரிசையில் இருந்தார்.

முசேயின் கம்ப்ரஸர் என் பக்கத்தில் பாதி முறுக்கில் இருந்தது. பியேர் கிடாரின் முன்பல்லை அவரே சிரித்துக்கொண்டு எடுக்க விட்டார். முதல் மூன்று பாட்டும் சொல் சொல்லாகப் போயின. யாரும் எழுந்து என்னிடம் வரவில்லை. தொழிலில் அதுதான் எங்களுக்குப் பொன்னாடை. நான்காவது 'மூணாம் ஷிப்ட்டு'. தேவராசு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத் தெரிந்தது. பாட்டு கூரை பிய்க்கும் இடத்துக்கு வந்தது.

"தறி கத்துது, தறி கத்துது..."

அடுத்த அடிக்கு முன் தேவராசு கையை உயர்த்தினான். கிடார் நின்றது, டிரம்ஸ் நின்றது. அவன் மைக்கை விட்டு விலகி, வேலிப்பக்கம் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து பாடினான். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. என் மிக்சரில் ஊசி தொப்பென்று கீழே விழுந்தது.  வயரைப் பிடுங்கிச் சொருகுகிறேன், ஃபேடரை ஏற்றுகிறேன், கம்ப்ரஸரைத் தட்டுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் நாற்காலிகளைத் தாண்டி, கோட்டு பறக்க ஓடி வந்தார். அவர் என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டார்.

"பாடுறவன் குரல் எங்கய்யா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வேலிக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. அவன் ஓசையில்லாமல் பாடிய அந்த அடியை நான் நூறு தடவை கலந்திருக்கிறேன்: 'நான் கத்துறது யாருக்குக் கேக்குது?' முந்நூறு பேரும் அவன் வாயைப் படித்துவிட்டிருந்தார்கள். சைக்கிள் மணிகளை அடித்துக்கொண்டு, நெஞ்சைத் திறந்து, கடலுக்கே கேட்கிற மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள்:

"எங்களுக்குக் கேக்குதுடா தேவராசு!"

பாடுகிறவன் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே பதினைந்து வருஷம் மிக்சரைக் கட்டிக்கொண்டு மாரடித்தேன், அது முழுசாக நடந்த ஒரே ஒரு தடவை என் ஊசி அசையவே இல்லை.